ஒரு ரூபாய் நிலுவையில்

துணியை உதறி, கழுத்தைச் சுற்றிக் கட்டி, பின்னால் ஒரு முடிச்சும் போட்டுவிட்டார் சலூன் ஆனந்தண்ணன். இனி அரை மணி நேரத்துக்கு என் கை இரண்டும் உள்ளே. பேன்ட்டின் வலது பாக்கெட்டில் ஃபோன் இருக்கிறது, ஃபோனுக்குள் ஒரு ரூபாய் இருக்கிறது, அந்த ஒரு ரூபாய் போயும் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. வாணியின் கணக்கிலிருந்து என் கணக்குக்கு நான் அனுப்பியது, காலை ஒன்பது ஐம்பதுக்கு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. தினமும் செய்வதுதான். ஃபோன் ஆப்பில் டாலர் காயின் என்கிற கிரிப்டோ நாணயத்தை வாங்கி விற்கிற எங்கள் ஆட்கள் எல்லோருமே காலையில் முதல் வேலையாக இதைச் செய்வார்கள், சாமி கும்பிடுகிறார்களோ இல்லையோ. ஒரு ரூபாய் போனால் கணக்கு உயிரோடு இருக்கிறது, போலீஸ் சொல்லி பேங்க் அதை முடக்கவில்லை, இன்றைய பொழுது தப்பித்தது. பச்சை டிக் விழும், ஒரு மணி அடிக்கும், மூச்சு விடுவேன். இன்றைக்குப் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மஞ்சளாக ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் சுற்றுவதையும் நிறுத்திவிட்டு 'நிலுவையில் உள்ளது' என்று எழுதிக் காட்டியது. சர்வர் கோளாறாக இருக்கலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஊரே சம்பளத்தை எடுத்துக்கொண்டிருக்கும், நெரிசலாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேதான் பைக்கை ஓட்டி வந்தேன். வாணி என் மனைவி, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அது அவளுடைய சம்பளக் கணக்கு, நேற்றுத்தான் அறுபத்தோராயிரம் விழுந்தது. அந்தக் கணக்கை வைத்து மூன்று மாதமாக நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

"மிசினுங்களா, கத்திரிங்களா தம்பி?" என்றார். "கத்திரியே போடுங்கண்ணா" என்றேன். மிஷின் என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்திருக்கலாம். ஏன் கத்திரி என்றேன்? எழுந்தால் ஃபோனைப் பார்க்க வேண்டுமே, அதனால்தான். நாளைக்கு வாணியின் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். "முடியக் காடாட்ட வளத்தி வெச்சுட்டு அங்க வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பள்ளிக்குப் போனாள், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். வகுப்பில் அவள் ஃபோனைத் தொட மாட்டாள். ஒரு மணி வரைக்கும் அவளுக்கு எதுவும் தெரிய வழியில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தொடையில் அதிர்ந்தது. விட்டு விட்டு, நீளமாக. மெசேஜ் இல்லை, யாரோ கூப்பிடுகிறார்கள். ஆறு தடவை, ஏழு தடவை, நின்றுவிட்டது. கையை உள்ளேயே நகர்த்தி எடுத்திருக்கலாம், ஆனந்தண்ணன் ஒன்றும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. எடுக்கவில்லை. பார்க்காத வரைக்கும் அந்த ரூபாய் நிலுவையில்தானே இருக்கிறது, தோற்றுவிடவில்லையே. கோழித் தீவனக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவன் நான், லாரி லாரியாக மக்காச்சோளம் பேசி வாங்குகிறவன், ஈரப்பதம் ஒரு பாயின்ட் கூடினால் வியாபாரியைச் சட்டையைப் பிடிக்காத குறையாக உலுக்குகிறவன், நாற்பத்திரண்டு வயதில் என் பாக்கெட்டில் இருக்கிற ஃபோனைத் தொடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க் கண்ணாடியில் தலை மட்டும் தெரிகிறது. அதுவும் வேறு யாருடையதோ போல வெளுத்துப்போய் இருக்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் ஆறே கால். அந்த நேரத்துக்கே மனசு போய்ப் போய் முட்டுகிறது. கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடை, கையில் டீ, காயின் வாங்குகிறவன் பெயர் ஆப்பில் வினோத் குமார். நாற்பத்தொன்பதாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ஆர்டர். மற்றவர்கள் தருவதைவிடக் காயினுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதல் விலை. பதினைந்து நிமிஷத்துக்குள் அவன் பணம் போட வேண்டும், பணம் வந்ததும் நான் காயினை விட வேண்டும். நாலாவது நிமிஷத்தில் பணம் வந்தது, ஆனால் அனுப்பியவர் பெயர் சௌந்தரவல்லி. எங்கள் தொழிலில் விதி என்று இருப்பதே ஒன்றுதான். ஆப்பில் இருக்கிற பெயரும் பணம் வந்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காயினை விடாதே, பணத்தை வந்த வழியே அனுப்பு. எங்கள் வாட்ஸாப் குரூப்பில் புதிதாக வருகிறவனுக்கெல்லாம் நானே எழுதிக் காட்டியிருக்கிறேன், தடித்த எழுத்தில். அன்றைக்குக் கேட்கவும் கேட்டேன், யார் இது என்று. "அம்மா அக்கவுன்ட்ங்ணா, அவசரம், விடுங்கண்ணா" என்று பதில் வந்தது. அடுத்த நிமிஷம் இன்னொன்று, விடாவிட்டால் புகார் கொடுப்பேன் என்று. எனக்குத் தொண்ணூற்றொன்பது சதவீதம் நல்ல பெயர் அந்த ஆப்பில். அதைக் கட்டிக் காப்பாற்ற மூன்று மாதம் ஆகியிருந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஒரு ஆர்டரில் மட்டும் ஆயிரத்து நானூறு ரூபாய் நிற்கும் என்று கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. அமுக்கிவிட்டேன். காயின் போனது. நன்றி அண்ணா என்று கும்பிடு போட்டான். அரை மணி நேரம் கழித்து அவன் கணக்கே ஆப்பில் இல்லை.

"தலையக் கொஞ்சம் குனிங்க" என்று பின்னங்கழுத்தில் கையை வைத்து அழுத்தினார். குனிந்தேன். துணியில் விழுந்து கிடக்கிற முடியில் பாதி வெள்ளை. இது எப்போது ஆயிற்று? இந்த வேலை எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை ஆரம்பத்தில், அதுதான் இழுத்துவிட்டது. கர்நாடகாவில் சோளம் ஒரு விலை, உடுமலையில் ஒரு விலை, நடுவில் லாரி வாடகை, அது போக மிஞ்சுவது வியாபாரம். காயினும் அப்படித்தான் என்று ஆபீஸில் ஜெகன் சொன்னபோது, ஐந்தே நிமிஷத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு இடத்தில் வாங்கு, இன்னொரு இடத்தில் விற்றுவிடு, லாரியும் வேண்டாம், கொடவுனும் வேண்டாம், எடை மோசடியும் கிடையாது. ஜெகன் நாலு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே சம்பாதித்தான், அப்போது காயினுக்கு மூன்று ரூபாய், நாலு ரூபாய் வித்தியாசம் நின்றது. நான் உள்ளே வரும்போது அதையெல்லாம் கம்ப்யூட்டர்கள் தின்று முடித்திருந்தன. வித்தியாசம் தெரிகிற நொடியிலேயே எவனோ எங்கேயோ வைத்திருக்கிற மிஷின் வாங்கி விற்று முடித்திருக்கும், நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்ப்பதற்குள் விலை சமமாகிவிடும். விற்கிறதில் நூற்றுக்கு ஒன்று பிடித்தம், லாபத்தில் முப்பது சதவீதம் வரி, நஷ்டம் வந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. போன மாதம் நூற்றுப் பன்னிரண்டு ஆர்டர் பார்த்தேன். எல்லாம் போகக் கையில் நின்றது ஏழாயிரத்துச் சொச்சம், அதற்கும் இன்னும் வரி கட்டவில்லை. கம்பெனியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்திருந்தால் அதைவிடக் கூடக் கிடைத்திருக்கும், பயமில்லாமல் தூங்கியிருக்கலாம். இது எனக்கு இரண்டாம் வாரமே தெரியும். தெரிந்தும் ஏன் விடவில்லை? சோளத்தில் நான் கம்பெனிக்கு வாங்குகிறேன், இதில் எனக்கு வாங்குகிறேன். மிஞ்சுவது நூறு ரூபாயானாலும் அது என் சாமர்த்தியம் என்று ஒரு கொழுப்பு. அவ்வளவுதான், வேறு காரணம் சொன்னால் பொய்.

மறுபடி அதிர்கிறது, நின்று மறுபடியும், மூன்றாவது தடவை, நாலாவது தடவை. அதே நீளம். எந்த நம்பருக்கு வருகிறது என்று அதிர்வை வைத்துச் சொல்ல முடியாது, என் ஃபோனில் இரண்டு சிம். ஒன்று என்னுடையது, இன்னொன்று வாணியின் பழைய நம்பர். பேங்க்கில் பதிந்திருப்பது அந்தப் பழைய நம்பர்தான், அது என் ஃபோனில் இருந்தால்தான் அவள் கணக்கை நான் ஓட்ட முடியும். "ரீசார்ஜ் பண்ணாம செத்துப் போயிரும், நான் வெச்சுக்கறேன்" என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். "வெச்சுக்கோங்க" என்று அவள் பாட்டுக்குத் தோசையைத் திருப்பிப் போட்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், கோபப்பட்டதில் ஏதாவது வாய்தவறி வந்திருக்கும். அவள் கேட்காததுதான் இப்போது நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. என் கணக்கை ஏன் பயன்படுத்தவில்லை? சின்னச் சின்னத் தொகையாக மாதத்துக்கு நூறு தடவை வந்து போனால் பேங்க்காரன் கண்ணில் படும், டீச்சர் கணக்கென்றால் சந்தேகப்பட மாட்டான் என்று ஜெகன் சொன்னான். நானும் கேட்டேன். என் பெயருக்கு வரக்கூடாத ஆபத்தை அவள் பெயருக்கு மாற்றிவிட்டேன், பச்சையாகச் சொன்னால் அதுதான் நடந்தது.

சௌந்தரவல்லி. மூன்று நாளாக அந்தப் பெயருக்கு ஒரு முகம் வைத்துக்கொண்டே இருக்கிறேன். பெயரைப் பார்த்தால் அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், இந்தக் காலத்தில் யார் பெண்ணுக்கு இப்படிப் பெயர் வைக்கிறார்கள். புருஷன் இல்லாதவளாக இருப்பாள், மகன் வெளிநாட்டில் இருப்பான். போலீஸ் உடுப்புப் போட்ட ஒருவன் வீடியோவில் வந்து, உன் பெயரில் போதைப் பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, ஃபோனை வைத்தால் கைது என்று மிரட்டியிருப்பான். அந்தம்மா கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கக்கூட அவனிடம் அனுமதி கேட்டிருப்பாள். அவன் சொன்ன கணக்குக்குப் பணம் போட்டிருப்பாள், அந்தக் கணக்கு வாணியுடையது. அவள் ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டு, யாரிடமாவது சொல்லி, அவர்கள் கூட்டிப் போய்ப் புகார் கொடுத்திருப்பார்கள். பணம் எங்கே போனது என்று போலீஸ் ஆப்பையா கேட்கும்? பேங்க்கைக் கேட்கும். பேங்க் என்ன சொல்லும்? கோகிலவாணி, பட்டதாரி ஆசிரியை, உடுமலைப்பேட்டை. ஒருவேளை அப்படியெல்லாம் இல்லாமல் வினோத் குமாருக்கு நிஜமாகவே சௌந்தரவல்லி என்று ஒரு அம்மா இருக்கலாம், வீட்டில் சௌக்கியமாக சீரியல் பார்த்துக்கொண்டிருக்கலாம். இருக்கட்டும், சாமி, இருக்கட்டும். அவள் அவனுடைய அம்மாவாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி காய்ச்சலில் கிடந்தபோதுகூட யாரையும் வேண்டியதில்லை.

"டீச்சரம்மா சௌக்கியங்களா?" என்றார் ஆனந்தண்ணன். திடுக்கிட்டுவிட்டேன், கத்திரி காதில் உரசியது. "ஆடாதீங்க தம்பி. எம்பேத்திக்கு அவங்கதானுங்க கணக்கு. முப்பத்தஞ்சு மார்க்கு வாங்கிட்டிருந்த புள்ள, இப்ப எழுவது வாங்குது. திட்டவே மாட்டாங்களாம். தப்பாப் போட்டா, எங்க தப்புன்னு நீயே கண்டுபுடின்னு பக்கத்துல உக்காந்துக்குவாங்களாம்." நல்லா இருக்காங்கண்ணா என்று சொன்னேன். அரசு ஊழியர் மேல் ஒரு வழக்கு என்றால் என்ன ஆகும் என்று நேற்று ராத்திரி முழுக்கப் படித்துவிட்டேன். முதலில் நோட்டீஸ், தலைமையாசிரியர் மேசைக்கு வரும், ஸ்டாஃப் ரூமில் தெரியும். அப்புறம் சஸ்பெண்ட். தப்பு இல்லை என்று நிரூபிக்க எந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ அவளே போக வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், பாஷை தெரியாத ஒருவன் அவளை ஒருமையில் பேசுவான். பதினாறு வருஷ சர்வீஸ். இந்த ஊரில் கடைக்குப் போனால் பாதிப் பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள் அவளுக்கு, எனக்கு டீச்சர் வீட்டுக்காரர் என்றுதான் பெயர்.

மோவாயின் கீழே நுரை தடவினார். சவரமும் வேண்டும் என்று நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன், எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நல்லது. கத்தி தொண்டையில் இறங்கும்போது எச்சில்கூட விழுங்காமல் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரமாகச் சும்மா இருந்த ஃபோன் மறுபடி அதிர்ந்தது, ஐந்தாவது தடவை, உடனே ஆறாவது. இப்போது நிஜமாகவே எடுக்க முடியாது, கத்தி இருக்கிறது, காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில்தான், கழுத்தை நீட்டிக்கொண்டு கிடக்கும்போதுதான், இத்தனை நாள் கேட்டுக்கொள்ளாத கேள்வி வந்தது. சந்தையில் தொண்ணூற்றொரு ரூபாய்க்குக் கிடைக்கிற காயினுக்கு ஒருவன் என்னிடம் வந்து ஏன் தொண்ணூற்று நாலு கொடுக்கிறான்? நல்ல சோளத்துக்கு எவனாவது மார்க்கெட் விலையைவிடக் கூடக் கொடுப்பானா? கொடுத்தால் நான் முதலில் அவன் செக்கைத்தானே சந்தேகப்பட்டிருப்பேன்? கம்ப்யூட்டர்கள் தின்று தீர்த்த பிறகும் என்னை மாதிரி ஒற்றை ஆளுக்கு இந்த வித்தியாசம் மிச்சமிருக்கிறதென்றால், அதில் கை வைக்க மிஷின் வைத்திருக்கிறவனுக்குப் பயம், அதனால்தான் மிச்சமிருக்கிறது. அது சாமர்த்தியத்துக்குக் கிடைக்கிற லாபம் இல்லை. அழுக்குப் பணத்தை யாராவது ஒருவர் பெயர் வழியாக அனுப்ப மோசடிக்காரர்கள் தருகிற கூலி. நான் அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு வாணியின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். சொல்லிவிட வேண்டும். மதியம் அவள் வந்ததும், சாப்பாடு போடுவதற்கு முன்னாலேயே, உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அழுவாள், அழட்டும். ஒரு வாரம் பேச மாட்டாள். நானே முன்னால் போய் நின்று, சார், இது என் வேலை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் தப்பித்துவிடுவாள். அவளுக்குத் தெரியாது என்பது உண்மை, அந்த உண்மை ஒன்றுதான் அவளுக்கு இருக்கிற பாதுகாப்பு. இதை முடிவு செய்ததும் உடம்பு கொஞ்சம் லேசானது, ஃபேன் சுற்றுவதுகூட இப்போதுதான் காற்றாகத் தெரிந்தது.

"ஃபோனு அடிச்சுட்டே இருக்குதுங்க தம்பி, அவசரமோ என்னமோ" என்று துணியை அவிழ்த்தார். எடுத்தேன். ஆறு அழைப்பு. அதில் நாலு, பேங்க்கின் லேண்ட்லைனிலிருந்து, வாணியின் பழைய நம்பருக்கு. இரண்டு வாணியிடமிருந்து, எனக்கு. கீழே அந்த ஒரு ரூபாய், சிவப்பில், 'தோல்வி, இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'. படித்து முடிப்பதற்குள் மறுபடி வாணி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஃபோன எடுக்க மாட்டீங்களா?" குரலை இறக்கிப் பேசினாள்.

"முடி வெட்டிட்டிருந்தேன். நீ கிளாஸ்ல இல்லியா?"

"பேங்க்ல இருக்கேன். மேனேஜர் சாரு பழைய நம்பருக்கு நாலு வாட்டி போட்டாராம், எடுக்கலீன்னு என்னோடதுக்குக் கூப்ட்டாரு. அவரு பையன் எங்கிளாஸுங்களே. பக்கத்து கிளாஸ் டீச்சரப் பாத்துக்கச் சொல்லிட்டு ஓடியாந்தேன். கணக்க நிறுத்தி வெச்சிருக்காங்களாம்."

"என்ன கேட்டாரு?"

"புதன்கிழமை யாரோ சௌந்தரவல்லின்னு நாப்பத்தொம்பதாயிரத்து ஐநூறு போட்டிருக்காங்க, யாருங்க டீச்சர்னு கேட்டாரு. உங்களுக்கு ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தேன், நீங்க எடுக்கல. அவரு என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்காரு. என் கணக்குக்கு வந்த பணத்த நானே தெரியாதுன்னா என்னன்னு நெனப்பாரு? எங்க பெரியம்மான்னு சொல்லிட்டேன்."

"பெரியம்மாவா?"

"நீங்க யாருகிட்டயாச்சும் வாங்கியிருப்பீங்க, வீட்ல வந்து சொல்லுங்க, நான் ஒண்ணும் சண்ட போட மாட்டேன். சொந்தக்காரங்கன்னு எழுதிக் குடுத்தா மேல அனுப்பிருவாராம், திங்கக்கெழம தொறந்துருமாம். எழுதிட்டேன். கைமாத்தா நான் குடுத்தத திருப்பிப் போட்டாங்கன்னு. கையெழுத்தும் போட்டாச்சு. ஊரு மட்டும் காலியா விட்டிருக்கேன், தப்பா எழுதிரக் கூடாதுன்னு. எந்த ஊருங்க அந்தம்மா?"

கிழித்துவிடு என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. இந்த நிமிஷம் வரைக்கும் அவள் ஒன்றும் தெரியாதவள், அந்தக் காகிதம் மேனேஜர் கைக்குப் போனதும் அவள் போலீஸுக்குப் பொய் எழுதிக் கொடுத்தவள். நான் முதல் தடவையே எடுத்திருந்தால், இரண்டாவது தடவை எடுத்திருந்தால், அவள் பேனாவையே தொட்டிருக்க மாட்டாள். கிழித்துவிடு வாணி, நான் வருகிறேன், எல்லாம் நான் செய்தது. வாயில் அத்தனையும் இருக்கிறது. மேனேஜர் அவள் முன்னால் உட்கார்ந்திருப்பார், கிழித்தால் ஏன் என்று கேட்பார், அவர் முன்னாலேயே நான் அவளிடம் சொல்ல வேண்டும், அவள் முகம் மாறுவதை அவர் பார்ப்பார். திங்கட்கிழமை திறந்துவிடும் என்கிறாள். திறந்துவிட்டால்? நிஜமாகவே திறந்துவிட்டால்?

"ஏனுங்க, சாரு காத்துட்டிருக்காரு. எந்த ஊரு?"

"தாராபுரம்" என்றேன்.

"சரிங்க" என்றாள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிகிற சத்தம் கேட்டது. "எழுதிட்டேனுங்க."